பஃபலோ பியூட்ஸ்: வாடகை ஐஸில் வாழ்ந்த அணி

2017 மார்ச் 19. பாஸ்டனுக்கு வடக்கே லோவெல் என்ற ஊரில் சோங்கஸ் சென்டர் அரங்கம். மகளிர் ஐஸ் ஹாக்கியின் இசபெல் கோப்பைக்கான இறுதிப் போட்டி. பாஸ்டன் பிரைட் அணி அன்று வலையை நோக்கி அடித்தவை 62. அதில் 60ஐத் தடுத்தார் பஃபலோ பியூட்ஸ் அணியின் கோல்கீப்பர் பிரியான் மெக்லாஃப்லின். ஆட்டம் 3–2 என்று பஃபலோ பக்கம் முடிந்தது. கோப்பையும் பஃபலோவுக்கே போனது.

ஐஸ் ஹாக்கி அதிகம் பார்த்திராதவர்களுக்கு இந்த 60 எவ்வளவு பெரிய எண் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி, மொத்தம் 60 நிமிட ஆட்டம். வலைக்கு வெளியே பறப்பது, கம்பத்தில் மோதித் தெறிப்பது, நடுவில் நிற்கும் ஒருத்தியின் காலில் பட்டு நிற்பது எதையும் ஷாட் என்று எண்ணமாட்டார்கள். கோல்கீப்பர் தடுக்காவிட்டால் உள்ளே போயிருக்கும் என்பதை மட்டும்தான் எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் ஓர் ஆட்டத்துக்கு 30 வந்தாலே கோல்கீப்பருக்கு இடுப்பொடியும். மெக்லாஃப்லினுக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் வந்தது.

வருவது 3 அங்குல விட்டம், 1 அங்குலப் பருமன், சுமார் 170 கிராம் எடையுள்ள ரப்பர் வில்லை. அதற்குப் பெயர் பக். காக்க வேண்டிய வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். கோல்கீப்பர் கோட்டிலேயே நின்றால் அடிப்பவருக்கு வலையின் நான்கு மூலையும் தெரியும். இரண்டு மூன்று அடி முன்னே வந்து நின்றால் உடம்பே வலையை மறைத்துவிடும். ஆனால் முன்னே வந்த நேரத்தில் எதிரணி பக்கைக் குறுக்கே இன்னொருத்தியிடம் தள்ளிவிட்டால், 15 கிலோவுக்கு மேல் கவசத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் சறுக்கிப் போய்ச் சேருவதற்குள் கதை முடிந்திருக்கும். இதைவிடத் தொல்லை, தடுத்த பக் எங்கே போய் விழுகிறது என்பது. காலில் கட்டிய தடுப்பில் பட்டு வலைக்கு நேர் எதிரே விழுந்தால், தடுத்ததே வினையாகிவிடும். மூலைப் பக்கம் தள்ளிவிட வேண்டும், அல்லது மேலே படுத்து அமுக்கி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். 60 முறை தடுத்தார் என்றால் இந்த முடிவையும் 60 முறை எடுத்தார் என்று அர்த்தம். அதுவும் யாருக்கு எதிராக? அமெரிக்கத் தேசிய அணியின் நட்சத்திரங்களான ஹிலாரி நைட்டும் பிரியானா டெக்கரும் இருந்த பாஸ்டனுக்கு எதிராக.

இப்படி ஆடிய அணியின் சம்பளத்தில்தான் நான்கு மாதம் முன்பு கத்தி விழுந்திருந்தது. பியூட்ஸின் கதையை இதற்குமேல் சுருக்க முடியாது. ஐஸின் மேல் என்ன நடந்தாலும் சரி, அணியின் விதி வேறெங்கோ ஒரு மேசையில்தான் எழுதப்பட்டது.

2015 மார்ச்சில் டானி ரைலன் தேசிய மகளிர் ஹாக்கி லீகைத் தொடங்கினார். பாஸ்டன் பிரைட், கனெடிகட் வேல், நியூயார்க் ரிவட்டர்ஸ், பஃபலோ பியூட்ஸ் என்று நான்கே அணிகள். கனடாவில் அதற்கு முன்பே ஒரு மகளிர் லீக் இருந்தது, ஆனால் அங்கே சம்பளம் கிடையாது. வட அமெரிக்காவில் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து ஐஸ் ஹாக்கி ஆட வைத்த முதல் லீக் இதுதான். கோப்பைக்கு வைத்த பெயர்கூட யோசித்து வைத்தது. ஆண்கள் ஆடும் ஸ்டான்லி கோப்பைக்குப் பெயர் தந்த ஸ்டான்லி பிரபுவின் மகள் இசபெல், அந்தக் காலத்திலேயே ஹாக்கி ஆடியவர்.

ஓர் அணி மொத்தச் சம்பளமாக எவ்வளவு கொடுக்கலாம் என்று லீக் ஒரு வரம்பு வைத்திருந்தது. ஐபிஎல் ஏலத்தில் 'பர்ஸ்' என்பார்களே, அதேதான். முதல் பருவத்தில் அது 2,70,000 டாலர். குறைந்தபட்சச் சம்பளம் 10,000 டாலர். 18 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 15,000. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம், வருடம் முழுக்க அந்தக் கூலிக்கு வேலை பார்த்தால் 15,080 டாலர் வரும். உலகத் தரத்தில் ஆடும் ஒருத்தியின் சராசரிச் சம்பளம் அதைவிட 80 டாலர் குறைவு. இதோடு, தன் பெயர் போட்ட ஜெர்சி விற்றால் லாபத்தில் 15 சதவீதம் கிடைக்கும்.

அதனால் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை இருந்தது. பயிற்சி வாரத்தில் இரண்டு மாலை, ஆட்டம் சனி ஞாயிறு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐஸ் ரிங்க் என்பது மைதானம் மாதிரி திறந்துகிடக்கும் இடமில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. அந்த ஒரு மணியிலும் ஆடக் கிடைப்பது சுமார் 50 நிமிடம்தான். மீதியில் ஸாம்போனி வண்டி வந்து, கீறல் விழுந்த மேற்பரப்பைச் செதுக்கி, கழுவி, வெந்நீரை மெல்லிய படலமாக விட்டுப் போகும். வெந்நீர் ஏன் என்றால், அது கீழே உள்ள ஐஸைச் சற்று இளக்கிக்கொண்டு அதோடு ஒட்டி உறையும். காற்றுக் குமிழியும் அதில் குறைவு. வேலை முடிந்து எல்லோரும் வந்துசேரும் மாலை நேரம்தான் ரிங்க்குகளுக்குப் பொன்னான நேரம். சிறுவர் அணிகள், பள்ளி அணிகள், ஃபிகர் ஸ்கேட்டிங் வகுப்புகள், சம்பாதிக்கிற ஆண்களின் பொழுதுபோக்கு லீக்குகள் எல்லாமே அந்த நேரத்துக்குத்தான் அடித்துக்கொள்ளும். மணிக்குச் சில நூறு டாலர் கொடுத்து, மாதக்கணக்கில் முன்கூட்டியே பிடித்துவைத்தவருக்குத்தான் இடம். பணம் குறைந்த அணிக்கு ராத்திரி 9 மணிக்கு மேல்தான் ஐஸ் கிடைக்கும். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்கும் போக வேண்டும்.

அடுத்தது ஸ்கேட். அதன் இரும்பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன். அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் குழிந்து, இரு ஓரமும் கத்திபோல நிற்கும். அந்தக் குழிவு ஒரு வட்டத்தின் வில். பெரும்பாலோர் கேட்பது அரை அங்குல ஆரம். ஆரம் குறைந்தால் குழிவு ஆழமாகி ஓரம் ஐஸை நன்றாகக் கடிக்கும், ஆனால் வேகம் இழுபடும். ஆரம் கூடினால் வழுக்கிக்கொண்டு போகலாம், ஆனால் சட்டென்று திரும்பும்போது கால் வாரும். பக்கவாட்டில் சறுக்க வேண்டியிருப்பதால் கோல்கீப்பர்களில் சிலர் ஆழம் குறைந்த குழிவைக் கேட்பார்கள். சிமெண்ட் தரையில் இரண்டடி வைத்தால்கூட ஓரம் மழுங்கிவிடும். ஒவ்வொருத்தியின் அளவையும் நினைவில் வைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் தீட்டித் தர ஆள் வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஓரம் போனால் பெஞ்சிலேயே சரிசெய்து அனுப்பவும் ஆள் வேண்டும். கார்பன் இழையில் செய்த மட்டை ஒன்று 250, 300 டாலர். ஓங்கி அடிக்கும்போது அது இரண்டாக ஒடிவது சாதாரணம். பெரிய லீக்கில் இதெல்லாம் ஆட்டக்காரரின் கண்ணிலேயே படாத வேலைகள். சின்ன அணியில் சம்பளத்தைக் குறைப்பதற்கு முன்பே குறைவது இவைதான். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

சரி, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து? நான்கு அணிகளுக்கும் தனித்தனி முதலாளி கிடையாது. எல்லாமே லீகின் சொந்தம், எல்லாவற்றுக்கும் ஒரே கல்லாப்பெட்டி. பஃபலோவின் ரிங்க் ஹார்பர்சென்டர். ஆண்கள் அணியான சேபர்ஸ் ஆடும் பெரிய அரங்கத்தை ஒட்டி 2014இல் திறந்த புத்தம் புது கட்டடம், இருக்கை 1,800. முதல் பருவத்தில் ஆட்டம் 18. அதில் சொந்த ஊரில் 9. டிக்கெட் 20 டாலர் என்று வைத்துக்கொண்டு, ஒன்பது நாளும் ஒரு நாற்காலி மிச்சமில்லாமல் விற்றதாகக் கற்பனை செய்தாலும் 3,24,000 டாலர்தான் தேறும். சம்பளம் 2,70,000 போக மிச்சம் 54,000. ஐஸ் வாடகை, பேருந்து, விடுதி, மட்டை, நடுவர், காப்பீடு, பயிற்சியாளர், அலுவலகம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அரங்கம் நிரம்பினாலே இந்த கதி. முதல் பருவத்தின் நடுவில் டன்கின் டோனட்ஸ் முதல் பெரிய விளம்பரதாரராக வந்தது. அது ஓர் ஆறுதல், அவ்வளவுதான்.

பேருந்து என்று சொன்னேன். மற்ற மூன்று அணிகளும் அட்லாண்டிக் கரையோரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. பஃபலோ மட்டும் ஈரி ஏரிக்கரையில் தனியாக, நயாகரா ஆற்றைத் தாண்டினால் கனடா என்ற இடத்தில். பாஸ்டனுக்குச் சாலை வழி 700 கிலோமீட்டருக்கு மேல், ஏழு மணி நேரம். ஏரியிலிருந்து பனிப்புயல் கிளம்பினால் கணக்கே இல்லை. வெள்ளி மாலை வேலை முடிந்து பேருந்தில் ஏறி, சனிக்கிழமை ஆடி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை வேலைக்குப் போவது.

இருந்தும் அந்த ஊரில் அணி வேர்விட்டது. 1970இலிருந்து சேபர்ஸை வைத்துக்கொண்டு ஸ்டான்லி கோப்பையை ஒரு முறையும் பார்க்காமல், ஹாக்கியை விடவும் முடியாமல் வாழ்கிற ஊர் அது. 'பியூட்' என்றால் அங்கே பேச்சுவழக்கில் அருமையானது, அம்சமானது என்று பொருள். 2015 அக்டோபர் 11இல் ஹார்பர்சென்டரில் முதல் ஆட்டம். பாஸ்டன் வந்து 4–1 என்று வென்றுவிட்டுப் போனது. 2016 ஜனவரியில் லீகின் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டமும் அங்கேயேதான். மார்ச்சில் முதல் இசபெல் கோப்பை இறுதி, மறுபடியும் பாஸ்டனோடு. இரண்டு ஆட்டமும் தோல்வி.

2016–17இல் பயிற்சியாளர்களாக ரிக் சைலிங், கிரெய்க் மியூனி. இருவரும் ஆண்களின் பெரிய லீகான என்எச்எல்லில் ஆடியவர்கள். அந்த அக்டோபரில் அணியின் ஹாரிசன் பிரவுன் தான் ஒரு திருநம்பி என்று வெளிப்படையாக அறிவித்தார். தொழில்முறை அணி ஹாக்கியில் அப்படி அறிவித்த முதல் ஆட்டக்காரர் அவர். லீக் அவர் பெயரை மாற்றி எழுதிக்கொண்டது, அணி அவரோடு ஆடியது.

நவம்பரில் இடி விழுந்தது. பருவத்தின் நடுவே சம்பளம் குறைக்கப்பட்டது, சிலருக்குப் பாதி வரை. ஒப்பந்தம் போட்டு, வீடு மாற்றி, வேலையைப் பகுதி நேரமாக்கி வந்தவர்களிடம், இனி இவ்வளவுதான் என்றார்கள். முதலீடு எதிர்பார்த்தபடி வரவில்லை, டிக்கெட் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மேலே போட்ட 3,24,000 கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. என் பார்வையில் தவறு குறைத்ததில் தொடங்கவில்லை. கையில் இல்லாத பணத்தை வைத்து 2,70,000 என்று முதலிலேயே அறிவித்ததில் தொடங்கியது. ஆனால் அப்படி ஓர் எண்ணை அறிவிக்காமல் இருந்திருந்தால், இத்தனை பேர் வந்திருப்பார்களா என்பதும் கேள்விதான்.

அந்தக் குறைந்த சம்பளத்தில்தான் லோவெலில் 60 தடுப்பு. அதற்கு நான்கு நாள் முன்பு, மார்ச் 15 அன்று, அமெரிக்கத் தேசிய மகளிர் அணி உலக சாம்பியன்ஷிப் போட்டியில் ஆடமாட்டோம் என்று அறிவித்திருந்தது. அங்கேயும் சண்டை சம்பளத்தை வைத்துத்தான். ஆக, அன்று கோப்பைக்கு எதிரெதிரே நின்ற பலர், இன்னொரு பக்கம் ஒரே போராட்டத்தில் தோளோடு தோள் நின்றவர்கள். மார்ச் 28இல் அந்தப் போராட்டம் வெற்றியோடு முடிந்தது. ஏப்ரலில் உலக சாம்பியன்ஷிப்பையும் வென்றார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் பியூட்ஸுக்கு வீட்டுக்காரர் கிடைத்தார். டெரி பெகுலா, கிம் பெகுலா தம்பதியின் நிறுவனம் அணியை வாங்கியது. லீகின் கையிலிருந்து தனியார் கைக்குப் போன முதல் அணி பியூட்ஸ்தான். சேபர்ஸ் அவர்களுடையது. அமெரிக்கக் கால்பந்தில் பஃபலோ பில்ஸும் அவர்களுடையது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஹார்பர்சென்டரே அவர்களுடையது. வாடகைக்கு இருந்த குடித்தனம் வீட்டுக்காரரின் சொந்தக் குடும்பமானது மாதிரி.

இந்த மாற்றத்தைச் சம்பளக் கணக்கில் தேடினால் கிடைக்காது. வரம்பு எல்லா அணிக்கும் ஒன்றுதான். 2018–19இல் அது ஓர் அணிக்கு வெறும் 1,00,000 டாலர், அதாவது முதல் பருவத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் பியூட்ஸுக்கு யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். 2010, 2014 ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கோல்கீப்பர் ஷானன் ஸபாடோஸ். 2018 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் கோல்கீப்பர் நிகோல் ஹென்ஸ்லி. அதே அணியின் டானி கேமரனேசி. தடுப்பில் பிளேக் போல்டன். பஃபலோ வட்டாரத்திலேயே வளர்ந்த எமிலி ஃபால்சரும் ஹேலி ஸ்கமுராவும் ஏற்கெனவே இருந்தார்கள். ஒரே அணியில் ஸபாடோஸும் ஹென்ஸ்லியும் இருப்பது ஆடம்பரம். ஒரு நேரத்தில் ஒருவர்தானே வலைக்கு முன் நிற்க முடியும். மற்ற ஊரிலும் இதே சம்பளம்தான் என்னும்போது இத்தனை பேர் பஃபலோவைத் தேடி வந்தது வசதிக்காகத்தான் என்பது என் கணிப்பு. ரிங்க்கைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு ஒரு மணி நேர ஐஸ் என்பது ஒரு கையெழுத்துதான். உடற்பயிற்சிக் கூடம், தசைப்பிடிப்பு பார்க்க ஆள், ஸ்கேட் தீட்டும் எந்திரம், டிக்கெட் விற்கும் அலுவலகம் எல்லாம் ஆண்கள் அணிக்காக ஏற்கெனவே இருப்பவை. பெண்கள் அணிக்கு அதை நீட்டிப்பதில் அவருக்குச் செலவு சொற்பம். அதே பொருள்களை ஒரு தனி அணி ஒவ்வொன்றாக வெளியே வாங்கினால் சம்பளத்தைவிடக் கூடுதலாகிவிடும்.

ஆட்டமும் கைகொடுத்தது, கோப்பை மட்டும் நழுவிக்கொண்டே போனது. 2018 மார்ச்சில் நடந்த இறுதிப் போட்டியில் ரிவட்டர்ஸிடம் 1–0 என்று தோல்வி. 2019 மார்ச் 17 இறுதிப் போட்டியில், அந்தப் பருவத்தில்தான் லீகில் சேர்ந்த மினசோட்டா வைட்கேப்ஸிடம் 2–1. அதுவும் கூடுதல் நேரத்தில், லீ ஸ்டெக்லைன் அடித்த கோலில். முதல் நான்கு இறுதிப் போட்டிகளிலும் ஆடிய ஒரே அணி பஃபலோதான். இப்படி ஓர் அணி அடுத்த பருவத்தில் என்ன செய்யும் என்று கேட்டால், மறுபடியும் இறுதிக்கு வரும் என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த 52 நாளில் எல்லாம் குலைந்தது.

மார்ச் 31இல் கனடிய மகளிர் ஹாக்கி லீக், மே 1 முதல் தான் இயங்கப் போவதில்லை என்று அறிவித்தது. 12 வருட லீக், ஓர் அறிக்கையில் முடிந்தது. மே 2 அன்று, அந்த லீகிலும் இந்த லீகிலும் ஆடிய 200க்கு மேற்பட்டோர் சேர்ந்து, வட அமெரிக்காவில் எந்தத் தொழில்முறை லீக்கிலும் வரும் பருவத்தில் ஆடமாட்டோம் என்றார்கள். உடல்நலக் காப்பீடு இல்லை, ஒரு பருவத்துக்கு 2,000 டாலர் மட்டுமே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், இதை வைத்துக்கொண்டு பயிற்சி எடுத்து ஆட முடியாது என்பது அவர்கள் வாதம். ஹாக்கியில் காப்பீடு இல்லை என்பது சின்ன விஷயமல்ல. முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தால் அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவுக்கு முன்னால் அந்த 2,000 எம்மாத்திரம்? மே 8 அன்று பெகுலா நிறுவனம் பியூட்ஸைத் திரும்ப லீகின் கையில் கொடுத்துவிட்டு விலகியது. பொறுப்பேற்று ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

ஆட்டக்காரர்கள் செய்தது தவறா? என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் அந்த நியாயத்துக்கு அதிக விலை கொடுத்தது, இருந்ததிலேயே நன்றாக நடத்தப்பட்ட அணி. புறக்கணிப்பு எல்லா அணியையும் தாக்கியது. பஃபலோவில் மட்டும் நட்சத்திரங்கள், முதலாளி, ரிங்க் மூன்றும் ஒரே வாரத்தில் போயின. முதலாளியும் ரிங்க்கும் ஒரே கையில் இருந்ததுதான் அந்த அணியின் பலம். அந்தக் கை விலகியதும் அதுவே பலவீனம்.

2019 இலையுதிர் காலத்தில் புது அணி, புது இடம். நகரத்துக்கு வடகிழக்கே ஆம்ஹெர்ஸ்டில் உள்ள நார்த்டவுன் சென்டர். நான்கு ரிங்க் கொண்ட உள்ளூர் வளாகம். நல்ல இடம்தான், ஆனால் ஊரின் எல்லாச் சிறுவர் அணியும் வந்து போகிற இடம். டவுன்டவுனில் வேலை முடித்து நடந்தே ஆட்டத்துக்கு வரலாம் என்ற வசதி போனது. ஆட்டக்காரர்களோ பெரும்பாலும் கல்லூரியை முடித்துவிட்டு வந்த புதுமுகங்கள். ஐஸ் ஹாக்கியில் மூன்று முன்கள வீராங்கனைகள் சேர்ந்தது ஒரு லைன். 40, 45 விநாடி முழு வேகத்தில் ஓடி, அடுத்த லைனுக்கு இடம்விட்டு பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும். ஆட்டம் நிற்காமலேயே இந்த மாற்றம் நடக்கும். நான்கு லைன் இருந்தால் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். ஒருத்தி காயம், ஒருத்திக்கு வேலையில் விடுப்பில்லை என்று மூன்றாகக் குறைந்தால், 45 விநாடி 60 ஆகும். கால் கனக்கும், திரும்பி வரத் தாமதமாகும். மூன்றாம் பகுதியில் எதிரணி போடும் கோலில் பல இந்தக் களைப்பில் விழுவதுதான். ஆழமில்லாத அணி 40 நிமிடம் வரை நன்றாக ஆடி, பிறகு தோற்கும். பியூட்ஸ் அதற்குப் பிறகு ஓர் இறுதிப் போட்டிக்கும் வரவில்லை.

2020 கோப்பை இறுதி பெருந்தொற்றில் நின்றது. 2021 ஜனவரியில் எல்லா அணியையும் லேக் பிளாசிட்டில் அடைத்துவைத்து இரண்டு வாரத்தில் பருவத்தை முடிக்கப் பார்த்தார்கள். முதலில் ரிவட்டர்ஸ் விலகியது, அடுத்து கனெடிகட். பிப்ரவரி 3இல், தேசியத் தொலைக்காட்சியில் அரையிறுதி வரவிருந்ததற்கு முந்தைய நாள், கடையைக் கட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பணம் அதற்குப் பிறகுதான் வந்தது. 2021 செப்டம்பரில் லீக் பிரீமியர் ஹாக்கி ஃபெடரேஷன் என்று பெயரை மாற்றிக்கொண்டது. சம்பள வரம்பு 3,00,000 ஆனது. 2022 ஜனவரியில், மூன்று வருடத்தில் 2.5 கோடி டாலர் போடுவோம் என்று உரிமையாளர்கள் அறிவித்தார்கள். 2022–23இல் வரம்பு 7,50,000. அந்தக் கோடையில் பியூட்ஸ், முந்தைய பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை டொரன்டோ சிக்ஸ் அணியில் ஆடி வென்ற மைகைலா கிராண்ட்-மென்டிஸை 80,000 டாலருக்கு எடுத்தது. லீகில் அதுவரை யாரும் வாங்காத சம்பளம். நான்கு வருடம் முன்பு, ஸபாடோஸும் ஹென்ஸ்லியும் இருந்த அணி முழுவதற்குமான வரம்பில் ஐந்தில் நான்கு பங்கு அது.

ஆனால் 7,50,000இல் 80,000 என்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல். அதை ஒருத்திக்குக் கொடுத்தால் இரண்டாம், மூன்றாம் லைனுக்கு மிஞ்சுவது குறையும். ஹாக்கியில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரியும் 60 நிமிடத்தில் 20, 22 நிமிடம்தான் ஐஸில் இருப்பாள். மீதி 40 நிமிடத்தை மற்றவர்கள்தான் ஓட்ட வேண்டும். கிராண்ட்-மென்டிஸ் மேல் குறையில்லை. அவர் கேட்டது நியாயம், கொடுத்ததும் நியாயம். ஓர் ஆளை மையமாக வைத்துக் கட்டுகிற வழி ஹாக்கிக்குப் பொருந்துவதில்லை, அவ்வளவுதான்.

2023–24க்கு வரம்பு 15 லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். டொரன்டோவில் டேரில் வாட்ஸுக்கு அந்தப் பருவத்துக்கு 1,50,000 என்று ஒப்பந்தமும் ஆகியிருந்தது. பல பேர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் கடைசியில், பேஸ்பால் அணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் உரிமையாளர் மார்க் வால்டர் தரப்பும் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் நிறுவனமும் சேர்ந்து லீகையே வாங்கிவிட்டன என்று செய்தி வந்தது. நடத்துவதற்காக வாங்கவில்லை, மூடுவதற்காகவே வாங்கினார்கள். 2019இல் புறக்கணித்தவர்கள் நான்கு வருடமாகக் கேட்டுவந்த ஒரே லீகுக்கு இடம்விட வேண்டுமே. ஏழு அணிகளும் ஒரே நாளில் இல்லாமல் போயின. போட்ட ஒப்பந்தங்களும் செல்லாமல் போயின.

பிடபிள்யூஎச்எல் என்ற அந்தப் புதிய லீகின் விதிகளைப் படித்தால், பியூட்ஸ் எட்டு வருடம் எதற்கெல்லாம் தவித்ததோ அது அத்தனையும் அதில் எழுதியிருக்கிறது. 2031 வரை நீளும் தொழிற்சங்க ஒப்பந்தம். முதல் பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். ஓர் அணியில் ஆறு பேருக்காவது 80,000க்குக் குறையாத சம்பளம். அணிகள் எல்லாம் ஒரே முதலாளியின் கையில், பழைய லீகின் முதல் வருடத்தைப் போலவே. வித்தியாசம், இந்த முறை கல்லாப்பெட்டிக்கு அடி இருந்தது. இடம்தான் குறைவு. அணிக்கு 23 பேர், ஆறு அணிக்கு 138. அதற்கு மோதியவர்கள் பழைய லீகின் ஏழு அணிகளும், புறக்கணித்துத் தனியாக நின்ற கூட்டமும், அந்த வருடம் கல்லூரி முடித்தவர்களும். 2023 செப்டம்பர் 18இல் நடந்த தேர்வில் 15 சுற்றில் 90 பேரை எடுத்தார்கள். கிராண்ட்-மென்டிஸுக்கும் ஸ்கமுராவுக்கும் ஒட்டாவாவில் இடம் கிடைத்தது. பியூட்ஸில் ஆடிய பலருக்கு அந்தக் கோடையே ஹாக்கியின் முடிவாகிவிட்டது.

முதல் பருவத்தில் ஆறு இடங்கள்: பாஸ்டன், மினசோட்டா, மான்ட்ரியல், நியூயார்க், ஒட்டாவா, டொரன்டோ. பஃபலோ இல்லை. வரைபடத்தைப் பார்த்தால் புரியும். சாலை வழியே 160 கிலோமீட்டரில் டொரன்டோ இருக்கிறது. பஃபலோவின் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தொடவில்லை. ஆறே இடம் என்றால் இந்த இரண்டில் எதை எடுப்பார்கள் என்பதில் விவாதமே இல்லை.

2025 பிப்ரவரி 23 அன்று புதிய லீக், அணி இல்லாத ஊர்களைச் சுற்றிவரும் பயணத்தில் ஓர் ஆட்டத்தை பஃபலோவுக்குக் கொண்டுவந்தது. 1,800 இருக்கை ஹார்பர்சென்டரில் இல்லை, அதை ஒட்டி நிற்கும் சேபர்ஸின் பெரிய அரங்கத்தில், 19,000 இருக்கைக்கு நடுவே. ஒன்பது வருடம் முன்பு முதல் ஆட்டத்துக்கு வந்த பாஸ்டன்தான் இந்த முறையும் வந்தது, அணியும் சீருடையும் வேறாக இருந்தாலும். எதிரே நின்றது நியூயார்க்.